லக்ராஸில் எந்த மோதல் செல்லும், எது ஃபவுல்: புதிதாகச் சேர்பவர்களுக்கு

லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து கோல் அடிக்கும் ஆட்டம். அமெரிக்கப் பள்ளிகளில் அதன் பருவம் தொடங்கியதும் புதிதாகச் சேர்ந்த பையன்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். ஸ்டிக் பிடிப்பது, பந்தை கிரேடில் செய்வது (விழாமல் இருக்க ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே ஓடுவது), பாஸ் கொடுப்பது எல்லாவற்றையும் கோச் பொறுமையாகச் சொல்லித்தருவார். யாரை, எப்போது, உடம்பில் எந்த இடத்தில் மோதலாம் என்பதை மட்டும் ஆட ஆட வந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். அது தானாக வராது. வருவதற்குள் பையன் நாலைந்து முறை பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்திருப்பான், அல்லது யாரையாவது காயப்படுத்தியிருப்பான்.

இது திறந்த மைதானத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடும் பையன்கள் ஆட்டத்துக்கான வழிகாட்டி. உயர்நிலைப் பள்ளி விதிகளையே அடிப்படையாக வைத்திருக்கிறோம். கனடாவில் பரவலாக ஆடப்படும் பாக்ஸ் லக்ராஸுக்கு மோதல் விதிகள் வேறு. டொரொன்டோப் பக்கம் இருப்பவர்கள் இதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். பெண்கள் ஆட்டமும் முற்றிலும் வேறு. அதற்குத் தனியாகக் கீழே ஒரு பகுதி இருக்கிறது.

1. எந்த விதிப்புத்தகம் என்று முதலில் கேளுங்கள்

ஒரே ஊரில் மூன்று புத்தகங்கள் புழங்கும். பள்ளி அணி என்றால் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கான கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ் வெளியிடும் புத்தகம். கல்லூரி என்றால் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் புத்தகம். ஊர் கிளப்பில் ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கு, நாட்டின் லக்ராஸ் அமைப்பான யுஎஸ்ஏ லக்ராஸின் இளையோர் விதிகள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வரப்போவது சிக்ஸஸ் என்ற ஆறு பேர் ஆட்டம். அதற்கும் தனிப் புத்தகம் உண்டு.

புத்தகம் மாறினால் மோதலும் மாறும். இளையோர் விதிகளில் 12யு (12 வயதுக்குட்பட்டோர்) பிரிவு வரைக்கும் பாடி செக், அதாவது எதிராளியை உடம்பால் மோதுவது, என்பதே கிடையாது. இரண்டு பேர் பந்துக்காக ஓடும்போது உரசிக்கொள்ளலாம், தோளோடு தோள் அழுத்தலாம், அவ்வளவுதான். 14யு பிரிவில் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. ஆனால் எதிராளியைத் தரையில் சாய்ப்பதற்காகவே தோளை இறக்கிக்கொண்டு பாய்கிற டேக்அவுட் செக் இளையோர் ஆட்டத்தில் எந்த வயதிலும் கூடாது. கோடையில் கிளப்பில் ஆடிவிட்டுப் பள்ளி அணிக்கு வருகிற பையன் பயந்து ஒதுங்குவதும், பள்ளி அணியில் ஆடிவிட்டு கிளப்புக்குப் போகிறவன் முதல் பத்து நிமிடத்தில் பெனால்டி வாங்குவதும் இதனால்தான்.

கோச்சிடம் கேட்க வேண்டியவை இரண்டு: "நாம் ஆடுவது எந்தப் புத்தகம், எந்த வருடப் பதிப்பு?" "லீகுக்கென்று தனியாகத் திருத்தம் ஏதாவது உண்டா?" திருத்தங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத் தாளாக இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. காகிதங்கள், சாமான்கள், செலவு

பல மாநிலங்களில் பயிற்சி பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். டாக்டர் கையெழுத்திட்ட உடல் தகுதிப் படிவம் இல்லாமல் பையனைப் பயிற்சிக்கே விடமாட்டார்கள். குடும்ப டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில வாரம் ஆகிவிடலாம். இதோடு பெற்றோர் ஒப்புதல் படிவம், தலைக்காயம் பற்றிய படிவம் ஆகியவையும் உண்டு. தலைக்காயப் படிவத்தில் பெற்றோர், பிள்ளை இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கிளப் என்றால் வயதுச் சான்றும் யுஎஸ்ஏ லக்ராஸ் உறுப்பினர் எண்ணும் கேட்பார்கள். உறுப்பினர் கட்டணத்தில் விளையாட்டுக் காப்பீடும் அடக்கம். பதிவு மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

சாமான்களில் ஹெல்மெட், தோள் பேட், கை பேட், கையுறை, மவுத்கார்டு, உள்ளே போடும் கப் ஆகியவை வேண்டும். புதிதாக வாங்கினால் ஹெல்மெட்டுக்கு ஏறத்தாழ 200 முதல் 350 டாலர், தோள் பேடுக்கு 60 முதல் 150, கை பேடுக்கு 40 முதல் 100, கையுறைக்கு 60 முதல் 200 வரை ஆகும். தொடக்க ஸ்டிக் 100 டாலருக்குள் கிடைக்கும். ஹெல்மெட்டைப் பள்ளியே கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு மற்றதை வாங்குங்கள்.

பழைய சாமான் வாங்குபவர்கள் பரவலாக ஏமாறுவது தோள் பேடில்தான். மார்பில் பந்து அடித்து இதயத் துடிப்பு நின்றுபோகும் ஆபத்தைக் குறைக்க, நாக்ஸி (விளையாட்டுப் பாதுகாப்புச் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) வகுத்த என்டி200 தரச்சான்று பெற்ற தோள் பேடைத்தான் 2022 ஜனவரி முதல் களத்தில் போட வேண்டும். கோலிக்கு (கோல் காப்பவருக்கு) இது 2021லேயே வந்துவிட்டது. அண்ணன் போட்டது, பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்தது என்று கையில் வந்தால், உள்பக்கம் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைத்தாலும் பயன் இல்லை. ஹெல்மெட்டிலும் நாக்ஸி முத்திரை இருக்க வேண்டும், நான்கு பக்கமும் நாடா மாட்டியிருக்க வேண்டும். மவுத்கார்டு வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கக் கூடாது. ரெஃபரி தூரத்திலிருந்து பார்த்தே தெரிந்துகொள்வதற்காக அந்த விதி. பிடி நன்றாகக் கிடைக்கிறது என்று கையுறையின் உள்ளங்கையை வெட்டிவிடும் பழக்கம் சில பையன்களுக்கு உண்டு. அதற்கும் பெனால்டி.

3. மோதுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

விதிப்புத்தகத்தில் பாடி செக் பற்றிப் பல இடங்களில் சிதறிக் கிடப்பதை ஐந்து கேள்விகளாகச் சுருக்கலாம். ஐந்துக்கும் சரியான பதில் இருந்தால்தான் மோதல் செல்லும். ஒன்று தவறினாலும் ஃபவுல்.

*பந்து யாரிடம்?* நீங்கள் மோதப் போகிறவரின் ஸ்டிக்கில் பந்து இருக்க வேண்டும். அல்லது பந்து யாரிடமும் இல்லாமல் லூஸாக இருந்து, அவர் அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். அந்த அருகாமை 5 யார்டு, அதாவது 15 அடி என்பது கல்லூரி ஆட்டத்து அளவு. இளையோர் விதியில் 3 யார்டு, 9 அடி. உங்கள் புத்தகத்தின் இந்த வருடப் பதிப்பில் எந்த அளவு என்று பாருங்கள். பயிற்சியில் 9 அடி என்றே பழகிவிடுங்கள். எந்தப் புத்தகத்தில் ஆடினாலும் பிழை வராது. பந்தும் இல்லாமல், அந்த எல்லைக்குள்ளும் இல்லாமல் நிற்பவரைத் தொட்டு மறித்தாலே இன்டர்ஃபியரன்ஸ். வேகமாக மோதினால் அது சட்டவிரோத பாடி செக்.

*எந்தப் பக்கத்திலிருந்து?* முன்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ மட்டும். பின்னாலிருந்து கூடாது. அவருடைய ஜெர்சி எண் முதுகில் முழுதாகத் தெரிகிறதென்றால் நீங்கள் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள். பந்து வைத்திருப்பவர் கடைசி நொடியில் வேண்டுமென்றே திரும்பி முதுகைக் கொடுப்பதும் உண்டு. சரியாகத் தொடங்கிய மோதல் அப்படி முதுகில் போய் முடிந்தால் ரெஃபரி விட்டுவிடலாம். அதை நம்பி ஓடாதீர்கள். அவர் திரும்பத் தொடங்கும்போதே உங்கள் கால் நிற்க வேண்டும்.

*உடம்பில் எங்கே?* இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே. இடுப்பிலோ அதற்குக் கீழேயோ பட்டால் ஃபவுல். கழுத்திலும் தலையிலும் பட்டால் தனி ஃபவுல், அதற்குத் தண்டனை மிகக் கடுமை. மார்பில் தொடங்கிய மோதல் வழுக்கி மேலேறித் தலையில் பட்டாலும் தலையில் பட்டதாகத்தான் கணக்கு. உங்களைவிட உயரம் குறைந்தவரோடு மோதும்போது இதுதான் நடக்கும். உயரமான பையன்கள் முழங்காலை மடக்கிப் பழகுவது கட்டாயம்.

*உங்கள் கைகள் எங்கே?* இரண்டு கைகளும் ஸ்டிக்கைப் பிடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று நெருக்கமாக, உங்கள் மார்போடு ஒட்டி. கைகள் அகன்று, நடுவில் தெரியும் கம்பை நீட்டி இடித்தால் அது கிராஸ் செக். மோதல் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நடந்திருந்தாலும் கைகள் அகன்றிருந்த ஒரே காரணத்துக்காக ஃபவுல் ஆகிவிடும். புதியவர்கள் வாங்கும் பெனால்டிகளில் தவிர்க்க மிக எளிதானது இதுதான்.

*எப்போது?* பந்து கையைவிட்டுப் போன பிறகு, தவிர்க்க முடிந்திருந்தும் மோதினால் லேட் ஹிட். பாஸ் போனதும் ஷாட் போனதும் அவர் பந்து இல்லாத ஆள். விழுந்து கிடப்பவரை, ஒரு முழங்கால் ஊன்றி இருப்பவரை மோதவே கூடாது. பாதத்தைத் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையில் இருந்தாலும் அவர் தொடக்கூடாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. லேட் ஹிட் எப்படி உருவாகிறது

இதற்கு ஒரு காட்சியை மெதுவாகப் பார்ப்பது நல்லது. எதிரணி அட்டாக் ஆள் கோலுக்கு வலப்பக்கத்தில் உங்கள் நண்பனைத் தாண்டிவிட்டான். நீங்கள் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டர். ஸ்லைடு, அதாவது தாண்டி வருபவனை மறிக்க ஓடிப்போவது, உங்கள் வேலை. பத்து பன்னிரண்டு அடி தூரம். முழு வேகத்தில் ஓடுகிறீர்கள். அவன் உங்களைப் பார்த்துவிட்டான், தலைக்கு மேலே ஸ்டிக்கை எடுத்து மறுபக்கம் பாஸ் கொடுக்கிறான். பந்து போய்விட்டது. உங்களுக்கு இன்னும் இரண்டு எட்டு மிச்சம் இருக்கிறது. முழு வேகத்தில் வந்தவருக்கு நிற்க வழியில்லை. அவனோ பாஸ் கொடுத்த நிலையில் விலா திறந்து, கால் ஒன்றில் நிற்கிறான். மோதுகிறீர்கள். ஃபவுல் என்று ரெஃபரியின் மஞ்சள் கொடி விழுகிறது.

இதில் பிழை மோதிய நொடியில் நடக்கவில்லை, முழு வேகத்தில் வந்ததில் நடந்தது. ஸ்லைடு போகும்போது கடைசி மூன்று எட்டுகளைச் சின்ன எட்டுகளாக வையுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும். பந்து இன்னும் அவனிடம் இருந்தால் அங்கிருந்தே போதுமான வலுவோடு மோதலாம். போய்விட்டால் கையை இறக்கி விலகலாம். பார்வை அவன் ஸ்டிக்கில் அல்ல, மார்பில் இருக்கும் எண்ணில் இருக்க வேண்டும். தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் மோதுவது ஸ்பியரிங். எதிராளிக்கு அடி படுவது ஒருபுறம், கழுத்து எலும்பில் காயம் ஏற்படும் அபாயம் குனிந்தவருக்குத்தான் முதலில். பாதங்கள் தரையை விட்டு எழும்பி மோதினால் அடி பெரும்பாலும் தலையில்தான் போய் முடியும். அதனால் எழும்பவே எழும்பாதீர்கள்.

இன்னொரு பொறி பட்டி பாஸ். மேலே வளைந்து மெதுவாக வரும் பாஸுக்காக ஒருவன் அண்ணாந்து காத்திருக்கிறான், எதிரே வருபவரைப் பார்க்கவே இல்லை. அருகிலேயே பந்து இருப்பதால் மோதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவன் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவன். அப்படிப்பட்டவனைக் குறிவைத்து மோதினால் இரண்டு அல்லது மூன்று நிமிடம், முழுதாக உட்கார வேண்டும். பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து மோதுவதும், கீழே குனிந்து பந்தை அள்ளிக்கொண்டிருப்பவனை மோதுவதும் இதே வகை. அவன் பந்தைப் பிடித்து, தலையைத் திருப்பும்வரை பொறுங்கள். அந்த அரை நொடியில் உங்கள் ஸ்டிக்கை அவன் ஸ்டிக்கின் மேல் போட்டுப் பந்தைத் தட்டிவிடலாம். பலன் அதிகம், கொடியும் விழாது.

5. ஸ்டிக்கால் அடிப்பது

எதிராளியின் ஸ்டிக்கையும், ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கையுறையையும் அடிக்கலாம். விதிப்படி அந்தக் கையுறை ஸ்டிக்கின் ஒரு பகுதி. அதற்கு மேலே முழங்கை, தோள், விலா, தலை எதுவும் ஸ்டிக் அல்ல. குத்தி எடுக்கும் போக் செக், கீழ்க் கைக்குத் தட்டும் ஸ்லாப் செக் இரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே சுழற்றிப் போடும் செக்குகளை முதல் வருடத்தில் தொடவே வேண்டாம்.

ஸ்லாஷிங் என்றால் அடி பட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுப்பாடில்லாமல், வெறியோடு வீசினால் படாவிட்டாலும் ஸ்லாஷிங்தான். ரெஃபரி கவனிப்பது வீச்சின் நீளத்தை. ஸ்டிக் உங்கள் காதைத் தாண்டிப் பின்னால் போகிறதா? அப்படியானால் வீச்சு நீளம். ஒரு அடி தூரத்துக்குள் எழும்பி இறங்கும் தட்டலுக்குக் கொடி விழுவது அரிது. சின்ன வயதுப் பிரிவுகளில் ஒரு கையால் வீசும் எந்தச் செக்கும் ஸ்லாஷிங்காகவே கணக்கில் வரும்.

கம்பின் அடிமுனையை மூடி வைத்திருக்க வேண்டும். திறந்த குழாய் சதையில் வட்டமாகக் கிழிக்கும். அந்த முனையால் குத்துவது அனாவசிய முரட்டுத்தனம் என்ற பிரிவில் வரும்.

6. தள்ளுவது, பிடிப்பது, மறிப்பது

மோதாமல் அழுத்தம் கொடுப்பதுதான் நல்ல டிஃபென்ஸ். பந்து வைத்திருப்பவரை முன்னாலோ பக்கத்திலோ நின்று, இரண்டு கையும் ஸ்டிக்கில் இருக்க, மூடிய கையாலும் முன்கையாலும் தோளாலும் அழுத்தலாம். அவர் தள்ளும் அளவுக்கு நீங்களும் எதிர்த்து நிற்கலாம். பின்னாலிருந்து தள்ளினால் புஷிங். ஸ்டிக்கை விட்டுவிட்டு வெறுங்கையால் ஜெர்சியைப் பிடித்தால், அவர் கையை உங்கள் கக்கத்தில் இடுக்கினால், அவர் ஸ்டிக்கை உங்கள் ஸ்டிக்கால் கட்டிப்போட்டு நகரவிடாமல் செய்தால் ஹோல்டிங்.

கால் தடுக்கல் பற்றி ஒரு வார்த்தை. இடுப்புக்குக் கீழே ஸ்டிக், கை, கால் எதையாவது கொண்டுபோய் அவரை விழவைத்தால் டிரிப்பிங். ஓடிப்போய்விட்டவரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடிக்க ஸ்டிக்கைத் தாழ்வாக நீட்டும்போது இதுதான் நடக்கும். அவர் ஸ்டிக்கை முறைப்படி தட்டியதால் நிலைகுலைந்து விழுந்தால் அது டிரிப்பிங் அல்ல.

பந்து இல்லாத அட்டாக் ஆட்கள் பிக் போட்டு மறிக்கலாம், ஆனால் மோதல் நடக்கும் நொடியில் அசையாமல் நிற்க வேண்டும். கால்களை அளவுக்கு மீறி அகட்டக் கூடாது, ஸ்டிக்கை நீட்டக் கூடாது, கடைசி நொடியில் தோளைச் சாய்க்கக் கூடாது. அசைந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிக் போட்டு நிற்பவனை ஆத்திரத்தில் அளவுக்கு மீறி இடித்துத் தள்ளும் டிஃபெண்டருக்கும் பெனால்டி உண்டு.

7. பந்து உங்களிடம் இருக்கும்போது

விதிகள் டிஃபெண்டருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு கையில் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு மறு கையை மடக்கி முன்னால் வைத்துப் பந்தைக் காக்கலாம். அந்தக் கை அசையாதவரை சரி. அதை நீட்டி டிஃபெண்டரைத் தள்ளினால், அவர் ஸ்டிக்கை விலக்கினால் வார்டிங். முழங்கை விரிந்தாலே ரெஃபரிகளின் கண் அங்கே போய்விடும். வார்டிங்கில் நிமிடக் கணக்கு பெரும்பாலும் இல்லை, பந்தை இழப்பீர்கள். கோல் அடிக்கும் வாய்ப்புக்கு அருகில் போய் இழப்பதால் அதுவே பெரிய நஷ்டம்.

தோளைக் கொடுத்து நேராக உள்ளே புகும் புல் டாட்ஜ் செல்லும். தலையைக் கொடுத்துப் புகுந்தால் ஸ்பியரிங். பந்து உங்களிடம் இருந்தாலும் அதே தண்டனைதான்.

8. லூஸ் பாலும் கிரீஸும்

பந்து தரையில் உருண்டு நாலைந்து பேர் சுற்றி நிற்கும்போதுதான் அதிகக் குழப்பம். அங்கே முதல் ஆள் பந்தை எடுக்கக் குனியாமல், எதிராளியைப் பக்கவாட்டில் அழுத்தி ஒதுக்குகிறார். இரண்டாவது ஆள் அள்ளுகிறார். கோச்கள் கத்தும் "மேன், பால்" என்பது இதுதான். அழுத்தும் ஆள் மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும்: பந்துக்கு 9 அடிக்குள் இருக்கிறோமா, பக்கத்தில் இருக்கிறோமா அல்லது பின்னாலா, நம் ஆள் பந்தை எடுத்துவிட்டானா. கடைசிக் கேள்விதான் பொறி. உங்கள் ஆள் பந்தை எடுத்த நொடியிலேயே நீங்கள் அழுத்திக்கொண்டிருப்பவர் பந்தோடு தொடர்பில்லாதவர் ஆகிவிடுவார். உடனே விடுங்கள். எடுத்தவன் "ரிலீஸ்" என்று கத்துவது அதற்காகத்தான்.

பந்தை அள்ளுகிறவர் இடுப்பைத் தாழ்த்தி, பந்தைத் தாண்டி ஓடியபடியே அள்ள வேண்டும். நின்று குனிந்து தேடுபவர்தான் அடி வாங்குவார். இதில் விதி உங்களைக் காக்கும், ஆனால் காயம் பட்ட பிறகுதான் காக்கும்.

கோலைச் சுற்றி 9 அடி ஆரத்தில் உள்ள வட்டம் கிரீஸ். உள்ளே கோலி இருக்கும்போது அவரையோ, பந்து வைத்திருக்கும் அவருடைய ஸ்டிக்கையோ தொடக்கூடாது. ஷாட் போட்டபின் வேகத்தில் கோலி மேல் சரிந்து விழுவதும் ஃபவுல். கோலி பந்தைப் பிடித்ததும் நான்கு நொடிக்குள் வெளியேறவோ கொடுக்கவோ வேண்டும். வெளியே வந்துவிட்டால் அவரும் மற்றவர்களைப் போல்தான். பந்து வைத்திருந்தால் முறைப்படி மோதலாம்.

9. ஃபவுல் என்ன விலைக்கு வரும்

டெக்னிக்கல் ஃபவுல்களான புஷிங், ஹோல்டிங், இன்டர்ஃபியரன்ஸ் போன்றவற்றுக்கு எதிரணியிடம் பந்து இருந்தால் 30 நொடி வெளியே. பந்து அவர்களிடம் இல்லையென்றால் பந்து கைமாறும், அவ்வளவே. பர்சனல் ஃபவுல்களான ஸ்லாஷிங், கிராஸ் செக், டிரிப்பிங், சட்டவிரோத பாடி செக், முரட்டுத்தனம் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் மூன்று நிமிடம். பெரும்பாலும் ஒன்று. பள்ளி விதியில் ஐந்து பர்சனல் ஃபவுல் ஆனால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ரிலீசபிள் என்றால் எதிரணி கோல் அடித்ததும் நீங்கள் உள்ளே வரலாம். நான்-ரிலீசபிள் என்றால் அவர்கள் எத்தனை கோல் அடித்தாலும் நேரம் முழுதும் உட்கார வேண்டும். தலையிலோ கழுத்திலோ பட்ட மோதல் பள்ளி விதியில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று நிமிடம், எப்போதுமே நான்-ரிலீசபிள். மிக மோசமாக இருந்தால் வெளியேற்றம். வெளியேற்றப்பட்டால் பல மாநிலங்களில் அடுத்த ஆட்டமும் போய்விடும்.

பள்ளி ஆட்டத்தில் ஒரு கால்பகுதி 12 நிமிடம்தான். இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைவாக ஆடுவது என்றால், அந்தக் கால்பகுதியில் ஆறில் ஒரு பங்கு உங்கள் அணிக்குக் கையில் இல்லை. நல்ல அணிகள் அந்த நேரத்தில் இரண்டு கோல் அடித்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு தகவல்: கொடி விழுந்ததும் ஆட்டம் நிற்காது. பாதிக்கப்பட்ட அணி பந்தோடு தாக்கிக்கொண்டிருந்தால் அதை முடிக்க விடுவார்கள். பிறகுதான் ரெஃபரி வந்து ஜெர்சி நிறம், எண், ஃபவுல், நேரம் என்ற வரிசையில் ஸ்கோரும் நேரமும் குறிக்கும் மேசைக்குச் சொல்வார். பையன் பாக்ஸில் வந்து இருந்து, ஆட்டமும் தொடங்கிய பிறகுதான் கடிகாரம் ஓடும். மெதுவாக நடந்து வந்தால் நேரம் மிச்சமாகாது. பாக்ஸுக்குப் போகும் வழியில் ரெஃபரியிடம் வாதாடினால் ஒழுக்கக் குறைவுக்கு இன்னொரு பெனால்டி சேரும். கேட்பதானால் கோச் கேட்கட்டும்.

10. பெண்கள் ஆட்டம்

பெண் பிள்ளை சேர்கிறாள் என்றால் மேலே சொன்ன பாடி செக் எதுவும் பொருந்தாது. அங்கே பாடி செக்கே கிடையாது. அதனால்தான் பேட்களும் இல்லை. கண்ணைக் காக்கும் கண்ணாடியும் மவுத்கார்டும்தான் கட்டாயம், கோலிக்கு மட்டும் முழுப் பாதுகாப்பு. ஸ்டிக்கால் ஸ்டிக்கைத் தட்டலாம், ஆனால் தலையைச் சுற்றி 7 அங்குலத்துக்குள் ஸ்டிக் போகக் கூடாது, உடம்பை நோக்கியும் தட்டக் கூடாது. டிஃபென்ஸ் என்பது முழுக்கக் கால் வேலை.

புதியவர்கள் தடுமாறுவது இரண்டு விஷயத்தில். ஒன்று, ஷாட் போடப் போகிறவருக்கும் கோலுக்கும் நடுவில், யாரையும் மார்க் செய்யாமல் (ஒட்டி நின்று தடுக்காமல்) போய் நிற்பது. அது ஷூட்டிங் ஸ்பேஸ் ஃபவுல். நிற்பவளின் பாதுகாப்புக்காகவே வைத்த விதி. இன்னொன்று, கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் 8 மீட்டர் வளைவுக்குள் யாரையும் ஒரு ஸ்டிக் தூரத்தில் மார்க் செய்யாமல் மூன்று நொடிக்கு மேல் நிற்பது. ஆபத்தான ஃபவுலுக்கு மஞ்சள் அட்டை வந்தால் இரண்டு நிமிடம் வெளியே.

11. தலையில் அடிபட்டால்

மோதலுக்குப் பிறகு பிள்ளை தள்ளாடினால், கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், வெளிச்சம் கூசுகிறது என்றால், குமட்டினால் அன்று ஆட்டம் அவ்வளவுதான். விதிப்படி உடனே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவர் அனுமதிக்கும்வரை திரும்ப விடக் கூடாது. பிள்ளைகள் மறைப்பார்கள், இடம் போய்விடும் என்ற பயம். "தலை வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கடைசி கோல் யார் அடித்தது, இன்று எதிரணி எது என்று கேளுங்கள்.

அறிகுறிகள் முழுதும் மறைந்த பிறகும் உடனே முழு ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. லேசான ஓட்டம், பிறகு ஸ்டிக் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு மோதலோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். நடுவில் அறிகுறி திரும்பினால் ஏறுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். டாக்டரின் எழுத்துபூர்வ அனுமதியைக் கோச்சிடம் மட்டும் கொடுத்தால் போதாது. பள்ளியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னரிடம் ஒரு பிரதி கொடுத்து, அவர் வாங்கிக்கொண்டதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் கிளம்பும்போது அந்தத் தாளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.